பார்சல் மட்டும்

காளீஸ்வரன் கடை டீயைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலில் தண்ணீர் ஊற்றுகிறானா, தண்ணீரில் பால் ஊற்றுகிறானா என்று இத்தனை வருசமாக யாருக்கும் தெரியாது. கிளாசை ஒரு வாளியில் முக்கி எடுப்பான். காலையில் ஆறு மணிக்கு ஊற்றிய தண்ணீர் பதினொரு மணிக்கும் அந்த வாளியிலேயே கிடக்கும். வடையை அச்சாபீசில் கழித்துப் போட்ட தாளில் வைத்துத் தருவான். திருத்தங்கலில் அந்தத் தாளுக்கு என்ன குறைச்சல்? ஒரு நாள் ராக்கெட் லேபிள் வரும், ஒரு நாள் பாதி நிறம் ஏறாத காலண்டர் சாமி வரும். சாமி படம் வந்தால் வேற தாள் கேட்பேன். முருகன் மூஞ்சியில் எண்ணெய் பிழிய என்னால் முடியாது. "கழிச்சுப் போட்ட சாமிதான மாமா" என்பான். அவன் மூளை அம்புட்டுத்தான்.

இருந்தாலும் தினம் ரெண்டு தடவை போகிறேன். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தால் கடைத்தெரு முழுக்கத் தெரியும். சேவுக் கடையில் நேற்றைய சேவைச் சுடவைத்து இன்றைக்குப் போட்டதென்று விற்பது தெரியும். பரோட்டாக் கடைக்காரன் எண்ணெயில் பரோட்டாவைப் பொரித்து எடுத்து அந்தக் கையாலேயே முதுகைச் சொறிவது தெரியும். பார்க்கக் குமட்டும். வாரத்துக்கு ஒரு தடவை அங்கேயும் தின்கிறேன், சால்னா நல்லா இருக்கும்.

நான் சங்கிலிமுத்து. சீனிவாசகம் மொதலாளியின் வெடி கம்பெனியில் முப்பத்தொரு வருசம் மருந்து கலக்கினவன். மருந்து என்றால் தின்கிற மருந்து இல்லை. வெடிக்குள் போடுகிற வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. வயசு எழுபத்து மூணு. இடது காது பாதிதான் உண்டு. அது எப்படிப் போனது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மகள் பாண்டிச்செல்வி வீட்டில் இருக்கிறேன். மருமகன் செத்து ஆறு வருசமாகிறது. பேத்தியைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கும் வெடி வேலைதான், எம். புதுப்பட்டிப் பக்கம் வேற கம்பெனி. காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காளீஸ்வரன் கடை முன்னால் கொண்டுவந்து கொட்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெடி வேலைக்குப் போய் வந்த பொம்பளை குளித்துச் சேலை மாற்றாமல் அடுப்புப் பக்கம் போகமாட்டாள். சேலை மடிப்பில், தலைமுடியில், நகக்கண்ணில் எல்லாம் மருந்துப் பொடி இருக்கும். பிள்ளை பாலுக்கு அழுதாலும் வேற ஆள்தான் அடுப்பைப் பற்ற வைக்கணும். காளீஸ்வரன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டென்றால், அடுப்பைக் கடைக்குப் பின்னால் சுவர் ஓரமாக வைத்ததுதான். வேன் வருகிற நேரம் பெஞ்சில் பீடி குடிக்கிறவன் தானாக அணைத்துவிடுவான். காளீஸ்வரனே தட்டில் டீயை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போவான். பொம்பளைகள் ரோட்டோரம் நின்று குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்கு உட்கார இடம் கிடையாது. பெஞ்சு ஆம்பளைகளுக்கு. பத்து மணி நேரம் குத்துக்கால் போட்டு வேலை செய்துவிட்டு வருகிறாளே என்று ஒருத்தனும் எந்திரித்தது இல்லை. நானும் எந்திரித்தது இல்லை.

இந்த வருசம் ஆடி மாசம், எதிர்த்தாற்போல் இருந்த பிளாஸ்டிக் குழாய்க் கடையை இடித்துவிட்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு ஒரு கஃபே திறந்தான் ஹரிபிரசாத். சீனிவாசகம் மொதலாளியின் பேரன். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவன். தாத்தா வெடியில் சம்பாதித்தார், அப்பா அச்சாபீசில் சம்பாதித்தார், இவன் டீ ஆற்றுகிறான். போர்டில் இங்கிலீசில் என்னமோ எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பாண்டிச்செல்வி ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள். சேலையில் மருந்து வாடையோடு சாக்லேட் வாடையும் அடித்தது. எங்கே போனாய் என்றேன். வேனில் வருகிற நாலு பேருமாக அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனோம் என்றாள். உள்ளே மெத்தை வைத்த நாற்காலி, காத்தாடி, கண்ணாடி டம்ளரில் நுரை நுரையாகக் காப்பி, கை கழுவ வாசனைச் சோப்பு. ஒருத்தனும் எந்திரி என்று சொல்லவில்லையாம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொள்ளைக்காரப் பயல், நுரையைக் காசுக்கு விற்கிறான் என்றேன். அவள் குளிக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான். சம்பளம் கையில் வருகிற நாள். சீசன் நேரம், தீபாவளி ஆர்டருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கடையை எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் இனாமாகக் கொடுக்காத குடும்பம் மெத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னால், அதில் என்னமோ இருக்கத்தான் செய்யும்.

நாலாவது வாரம் நானே போய்ப் பார்த்தேன். கதவைத் தள்ளவா இழுக்கவா என்று தெரியாமல் நின்றேன். உள்ளே இருந்து முருகம்மாள் பார்த்துவிட்டாள். வேன் கூட்டத்துக்கு மூத்தவள் அவள்தான், வாயிலும் மூத்தவள்.

"என்ன சங்கிலியண்ணே, மகளை வேவு பாக்க வந்தீகளா? உள்ள வாங்க, கடி நாய் எதுவும் கட்டிப்போடல."

உள்ளே போனேன். பாட்டு என்கிற பேரில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பழைய மிதிவண்டிச் சக்கரம் ஒன்றை மாட்டி வைத்திருந்தான். எங்கள் வீட்டில் குப்பையில் கிடக்கிறது அது. வடையைக் கேட்டேன், இல்லை என்றார்கள். ரொட்டிக்கு நடுவில் பச்சை இலையை வைத்து ஆட்டுக்குட்டிக்குப் போடுகிற மாதிரி கொண்டுவந்தார்கள். கையைத் துடைக்கத் தாள் கேட்டால் தும்மினால் கிழிகிற தாளைக் கொடுத்தார்கள். இத்தனையையும் நான் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது.

அப்போதுதான் நெருப்பைக் கொண்டுவந்தார்கள். வாசல் ஓரம், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஒரு இரும்புப் பீப்பாயில் கரி நெருப்பு. அதில் மண் கப்பைச் சிவக்கச் சுட்டு இடுக்கியால் எடுத்து, டீயை அதில் ஊற்றுகிறார்கள். பொங்கி வழிகிறது. அதற்குப் பேரு தந்தூரி டீயாம். சிவகாசியில் இருந்து பைக்கில் வந்த பயல்கள் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். நெருப்பு மங்கும்போதெல்லாம் ஒருத்தன் சின்ன மோட்டாரை வைத்து ஊதினான். பொறி பறந்தது. ஒரு பொறி மூணாவது மேசைக்கால் வரைக்கும் வந்து அணைந்தது.

ரெண்டாவது மேசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் சேலைக் கரையில் அலுமினியப் பொடி ஜரிகை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

எந்திரி, வெளியே வா என்றேன். நெருப்பைக் காட்டினேன். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரமாகத்தானே இருக்கிறது என்றாள் ஒருத்தி. நான் குரலை உயர்த்தினேன். பைக் பயல் ஒருத்தன் போனை என் பக்கம் திருப்பினான். பாண்டிச்செல்வி மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"நீ எதத்தான்ப்பா நல்லாருக்குன்னு சொல்லிருக்க? பாட்டு சரியில்ல, தாளு சரியில்ல, ரொட்டி சரியில்ல. இப்ப நெருப்பும் சரியில்லையாக்கும். வீட்டுக்குப் போ. நான் குடிச்சுட்டு வாறேன்."

போய்விட்டேன். வேற என்ன செய்ய? பத்துக் குறை சொன்ன வாயால் பதினொண்ணாவதாக உண்மையைச் சொன்னால் எவன் கேட்பான்? அன்று அவள் வீடு வந்து சேர்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

திங்கட்கிழமை காலையில் ஹரிபிரசாத்தைத் தனியாகப் பார்க்கப் போனேன். கடையில் ஆள் இல்லை. உட்காருங்க தாத்தா என்றான். அவன் தாத்தா என்னை ஏலே சங்கிலி என்றுதான் கூப்பிடுவார். முப்பத்தொரு வருசத்தில் உட்காரச் சொன்னதே கிடையாது. இவன் காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். காசு வேண்டாம் என்றான். எதற்காகக் கொடுக்கிறான் என்று யோசித்துக்கொண்டே குடித்தேன். கசந்தது.

அழகுமீனா கதையைச் சொன்னேன். எங்கள் தெருக்காரி. ஒரு தீபாவளி சீசனில் வேலை முடிந்து வந்தவள், கைப்பிள்ளை அழுகிறது என்று குளிக்காமல் அடுப்பை ஊதக் குனிந்தாள். சேலை பிடித்ததை யாரும் பார்க்கவில்லை. வெளிச்சத்தைத்தான் பார்த்தோம். மத்தாப்பு எப்படி வெள்ளையாக எரியும், அப்படி. சாக்கைப் போட்டு அமுக்கினது நான். என் காதையும் அப்போது கொடுத்தது. யாருக்கும் சொல்லாததை அந்தப் பயலிடம் சொன்னேன். பிழைத்தாளா என்று கேட்டான். பிழைத்தாள் என்றேன். அது எப்படிப் பிழைப்பு என்று சொல்லவில்லை.

அவன் முகம் வெளுத்துப் போனது. வெடி கம்பெனிக்காரன் பேரன், அவனுக்கு இது தெரியவில்லை. பட்டறைக்குள் கால் வைத்ததே இல்லையாம், அப்பா விடமாட்டாராம். "நல்லவேளை சொன்னீங்க தாத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றான். கையைப் பிடித்துச் சொன்னான். அந்தக் குடும்பத்தில் ஒருத்தன் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தேகப்படுகிறதே தொழிலாக இருக்கிற நான் அன்று சந்தேகப்படவில்லை. காளீஸ்வரன் கடைக்கு வந்து ரெண்டு வடை தின்றேன்.

சனிக்கிழமை வந்தது. வேனும் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேரும் ரோட்டைத் தாண்டிப் போனார்கள். கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைப் படித்தார்கள். உள்ளே இருந்து ஹரிபிரசாத் வெளியே வந்து கையைக் கும்பிட்டு என்னமோ சொன்னான். என் பக்கம் கையைக் காட்டினான். நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எந்திரித்துப் போய்த் தாளைப் படித்தேன். தமிழில்தான் எழுதியிருந்தது, நானே எழுத்துக் கூட்டிவிட்டேன். 'பாதுகாப்பு கருதி, பட்டாசு ஆலைப் பணி முடிந்து வருபவர்களுக்குப் பார்சல் மட்டும்.'

நெருப்பு அதே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"வயித்தெரிச்சல்ல சொல்றீகன்னுதான் நெனச்சேன்," என்றாள் முருகம்மாள். "இப்பிடி உள்ள போயி வத்தி வச்சுட்டு வந்திருக்கீகளே அண்ணே. ஒரு டம்ளர் காப்பி உக்காந்து குடிச்சது ஒங்கள என்ன செஞ்சுச்சு?"

நான் நெருப்பைத்தான் எடுக்கச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாண்டிச்செல்வி அதற்குள் நடந்துவிட்டாள். பார்சல் வாங்கவில்லை, காளீஸ்வரன் கடை டீயும் குடிக்கவில்லை. வேனில் இருந்து இறங்கின மாதிரியே, சோற்றுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

ஹரிபிரசாத்திடம் திரும்பினேன். ஆளை விலக்கச் சொன்னேனா, அடுப்பை விலக்கச் சொன்னேனா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் கோபப்பட்டுப் பார்த்ததில்லை, சிரித்த முகமாகத்தான் எல்லாம் செய்வார்கள். தந்தூரி டீக்குத்தான் தாத்தா கூட்டமே வருது, வீடியோவில் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள், பின்னால் கொண்டுபோய் வைத்தால் யாருக்குத் தெரியும் என்றான். அக்காமாருக்குப் பார்சலில் பாதி விலை என்றான். பாதி விலை. கேட்டதும் எனக்கு வாயெல்லாம் புளித்தது.

மேசையில் தண்ணீர்க் கூசா இருந்தது. தூக்கி நெருப்பில் ஊற்றினேன். புஸ்ஸென்று சாம்பல் எழும்பிப் பைக் பயல்கள் சட்டையெல்லாம் அப்பியது. மண் கப்பு நாலைந்து தெறித்து உடைந்தது. ரெண்டு பேர் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். தள்ளவில்லை, கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். தாத்தா இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றான் ஹரிபிரசாத். அரைமணி நேரத்தில் புதுக் கரி போட்டுப் பற்ற வைத்துவிட்டான். நான் ஊற்றினதையும் எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான், அதைப் பார்த்து அடுத்த வாரம் இன்னும் கூட்டம் என்று காளீஸ்வரன் சொன்னான். த்தூ.

வீட்டில் மூணு நாள் பேச்சு இல்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். நாலாவது நாள் நானே வாயைத் திறந்தேன். அழகுமீனாவைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான், சாக்குப் போட்டு அமுக்கினது யார் என்பது மட்டும் தெரியாது. என் காதைப் பார்த்தாள். பிறகு, நெருப்பு எங்களுக்கும் தெரியும்ப்பா என்றாள். தெரிந்தும் ஏன் உட்கார்ந்தாய் என்றேன்.

"அம்புட்டு அசதி. அந்தச் சேருல உக்காந்தா எந்திரிக்க மனசு வரல."

அவளே ஒரு வழியும் சொன்னாள். ஆலையில் இருந்து நேராக வருகிறவர்களுக்குத்தானே பார்சல், குளித்துவிட்டு வந்தால் அவன் என்ன சொல்வான் என்றாள். நீ குளித்துவிட்டுப் போ, மற்ற மூணு பேரும் எங்கே குளிப்பார்கள் என்றேன். அவர்கள் வீடு தூரம். ஒருத்தி ஊருக்கு வெளியே இருக்கிறாள், போய்விட்டுத் திரும்பி வர பஸ் கிடையாது. பாண்டிச்செல்வி என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வரும். ஒரு டிரம் இருக்கிறது, எங்கள் ரெண்டு பேருக்கே காணாது. நாலு பொம்பளைகள் தலைக்கு ஊற்றிக் குளிப்பதென்றால் என்ன கணக்கு? அடிபம்பு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறது, உப்புத் தண்ணீர். வெள்ளியும் சனியும் தள்ளுவண்டியில் குடம் குடமாக அடித்துக்கொண்டு வந்தேன். எழுபத்து மூணு வயசில், எந்தக் கடையைக் கண்டால் எனக்குக் குமட்டுகிறதோ அந்தக் கடைக்குப் போக நாலு பேரைக் குளிப்பாட்ட நான் தண்ணீர் சுமந்தேன். முதுகு ரெண்டாகப் போனது. அடிபம்பில் நின்ற பொம்பளைகள், வீட்டில் விசேசமா தாத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை வேன் வந்ததும் நாலு பேரும் மாற்றுச் சேலைப் பையோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வருகிற வரைக்கும் வீட்டு அடுப்பை நான் பற்ற வைக்கவில்லை. தட்டி மறைப்புக்குள் ஒருத்தி மாற்றி ஒருத்தி குளித்தார்கள். நான் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, இன்னும் ஒரு வாளி கொடுங்க அண்ணே என்று முருகம்மாள் உள்ளேயிருந்து அதிகாரம் பண்ணினாள். கொடுத்தேன். வெளியே வரும்போது பூ வைத்திருந்தாள். "இருக்கிற கோவத்துக்கு ஒங்களக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சேன்," என்றாள். "அவனே வரக் கூடாதுன்னுட்டானாம்ல, எனக்கு வேல மிச்சம்."

போனார்கள். நானும் பின்னாலேயே போய்க் காளீஸ்வரன் கடையில் உட்கார்ந்தேன். ஹரிபிரசாத் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான். "வாங்க, வாங்க மேடம்" என்றான். ஒரு மாசமாக வாரா வாரம் வந்த நாலு பேர். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பொடியைத்தான் பார்த்திருக்கிறான், மூஞ்சியைப் பார்க்கவில்லை. நெருப்புக்குத் தள்ளி, கடைசி மேசையில் உட்கார்ந்தார்கள். முருகம்மாள் என்னமோ சொல்லியிருப்பாள், பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் கேட்கவில்லை.

காளீஸ்வரன் டீயை நீட்டினான். வெந்நீர் மாதிரி இருந்தது. குடித்தேன். ரோட்டில் இன்னொரு கம்பெனி வேன் வந்து நின்றது. அஞ்சாறு பொம்பளைகள் இறங்கினார்கள். அவர்களுக்குக் குளிக்க இடம் எங்கே? ரோட்டோரம் நின்றார்கள். காளீஸ்வரன் தட்டை எடுத்தான். எனக்கு அந்த டீ, இந்தக் கடை, அந்தக் கடை, எல்லாம் ஒரேயடியாக வெறுத்துப் போனது. எந்திரித்தேன். பெஞ்சில் இருந்த மற்றவனையும் தோளைத் தட்டி எழுப்பினேன். மூட்டுவலி என்றான். அவளுகளுக்கும் இருக்கும், எந்திரிடா என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எந்திரித்தான். அந்தப் பொம்பளைகள் உட்காரவில்லை, சந்தேகமாகப் பார்த்தார்கள். இந்தக் கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் தட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். குளித்த கல், சுவர், வாய்க்கால் எல்லாம் வெள்ளி வெள்ளியாகப் பொடி. நாலு பொம்பளைகள் ஒரு நாளில் உடம்பில் சுமந்து வந்தது அம்புட்டு. உப்புத் தண்ணீரில் சோப்போடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது. விளக்குமாற்றால் தேய்த்தேன், போகவில்லை. டிரம்மில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது. மறுபடியும் தள்ளுவண்டியை எடுத்தேன்.